கோசுமெல் கடலில் முதல் முக்குளிப்பு

மயாமியிலிருந்தோ கால்வெஸ்டனிலிருந்தோ மேற்குக் கரீபியன் பக்கம் போகும் உல்லாசக் கப்பல்களில், மெக்சிகோவின் கோசுமெல் தீவைத் தொடாதவை குறைவு. காலையில் துறையில் கட்டுவார்கள், மாலையில் அவிழ்த்துவிடுவார்கள். கையில் இருப்பது ஏழெட்டு மணி நேரம். அந்த நாளுக்கான பட்டியலில் கடற்கரை, கடைத்தெரு, மாயன் இடிபாடுகள் என்று பலவற்றுக்கு நடுவே ‘ஸ்கூபா, முன்அனுபவம் தேவையில்லை’ என்றும் ஒரு வரி இருக்கும். அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் குடும்பங்கள் பல, டிசம்பர் விடுமுறைக்கு இந்தக் கப்பல்களில்தான் ஏறுகின்றன. அந்த வரியைப் பார்த்ததும் வீட்டில் யாராவது ஒருவருக்கு ஆசை வந்துவிடும்.

தாராளமாக ஆசைப்படலாம். உலகத்தில் முதல்முறை முக்குளிப்பவருக்கு இதைவிட நல்ல கடல் கிடைப்பது கடினம். ஆனால் ஒன்றைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கப்பல் மணி பார்த்து ஓடுகிறது. நம் காதும் மூச்சும் தண்ணீருக்குள் தம் போக்கில்தான் பழகும், அவற்றை விரட்ட முடியாது. ஸ்கூபாவில் நடக்கும் தொல்லைகளில் பெரும்பாலானவை அவசரத்தில் பிறப்பவை. ஆகவே ஊரிலேயே முடிக்கக்கூடியதை ஊரிலேயே முடித்துவிட்டு, கடலில் இருக்கும் நேரத்தை முழுக்க நிதானத்துக்கு ஒதுக்கிவிட வேண்டும். இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் இடத்தைப் பற்றி. யுகடான் தீபகற்பத்தின் கிழக்குக் கரைக்கு எதிரே, 20 கிலோமீட்டருக்குள் கிடக்கிறது கோசுமெல். யுகடானின் வடமுனையிலிருந்து ஹோண்டுராஸ் தீவுகள் வரை ஏறக்குறைய 1,000 கிலோமீட்டருக்கு நீளும் மெசோ அமெரிக்கப் பவளத்திட்டில் இதுவும் ஒரு பகுதி. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டுக்கு அடுத்தபடி பெரியதாக இதைத்தான் சொல்வார்கள். தீவின் மேற்குப் பக்கம் காற்றுக்கு மறைவானது. அலை குறைவு. தண்ணீர் ஆண்டு முழுவதும் 26 முதல் 29 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். நல்ல நாளில் 30 மீட்டர் தள்ளி நிற்கும் ஆளை அடையாளம் காணலாம், அவ்வளவு தெளிவு. 1996இல் இந்தப் பவளத்திட்டுகளைத் தேசியக் கடல் பூங்காவாக மெக்சிகோ அரசு அறிவித்தது.

ஒரு குறையும் உண்டு. தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட கால்வாயில் நீரோட்டம் வலுவானது. பலங்கார், சான்டா ரோசா போன்ற பேர்பெற்ற இடங்களில் பழகிய முக்குளிப்பாளர்கள் அந்த ஓட்டத்தோடேயே மிதந்து போவார்கள், படகு அவர்களைப் பின்தொடர்ந்து வந்து ஏற்றிக்கொள்ளும். சான்டா ரோசாவில் பவளச் சுவர் செங்குத்தாகக் கீழே இறங்குகிறது, கண்ணுக்குத் தரை தெரியாது. அது முதல் நாளுக்கான இடம் இல்லை. யாராவது ‘உங்களையும் அங்கே கூட்டிப்போகிறேன்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். புதியவர்களுக்குக் கரையிலிருந்தே இறங்கும் இடங்கள்தான் சரி. கப்பல் துறைகளுக்குத் தெற்கே, டாக்ஸியில் சீக்கிரம் போய்விடக்கூடிய சங்கநாப் பூங்கா அப்படி ஓர் இடம். படிக்கட்டு இருக்கிறது, மணல் தரை இருக்கிறது, கொஞ்சத் தூரத்திலேயே மீன் கூட்டம் தொடங்கிவிடும். கடலடியில் வைத்திருக்கும் ஏசு சிலையையும் அங்கே பார்க்கலாம்.

இப்போது அந்த ‘முன்அனுபவம் தேவையில்லை’ என்ற வரி என்ன சொல்கிறது என்று பார்ப்போம். பி.ஏ.டி.ஐ. என்ற பயிற்சி அமைப்பு இதற்கு ‘டிஸ்கவர் ஸ்கூபா டைவிங்’ என்று பெயர் வைத்திருக்கிறது. மற்ற அமைப்புகளிலும் வேறு பெயரில் இதே முறை உண்டு. இது சான்றிதழ்ப் படிப்பு அல்ல. ஒரு சின்ன வகுப்பு, இடுப்பளவோ கழுத்தளவோ தண்ணீரில் ஒத்திகை, பிறகு பயிற்சியாளரின் கண்பார்வையிலேயே ஒரு முக்குளிப்பு, அவ்வளவுதான். குறைந்தது 10 வயது ஆகியிருக்க வேண்டும். 12 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. முதல்முறைக்கு ஆறேழு மீட்டரே தாராளம், ஏனென்றால் வெளிச்சமும் வண்ணமும் மீனும் அங்கேதான் அதிகம். ஆழம் கூடக்கூடச் சூரிய ஒளியிலிருந்து முதலில் சிவப்பு மறைந்துவிடும், எல்லாம் நீலச் சாம்பலாகத் தெரியத் தொடங்கும்.

நீச்சல் தெரியாதவர் போகலாமா என்பது நம்மவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி. விதியில் நீச்சல் தேர்வு எதுவும் இல்லை. ஆனால் என் கருத்தைக் கேட்டால், முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துப் பதற்றப்படாமல் இருக்கத் தெரியாதவர் அன்றைக்கு ஸ்கூபாவை எடுக்கக் கூடாது. கப்பல் ஏறுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே பக்கத்து நீச்சல் குளத்தில் ஸ்னார்க்கல் குழாயை வாயில் வைத்துப் பழகிக்கொண்டால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. அதுவும் முடியாதென்றால் வேறு வழிகள் இருக்கின்றன. மேலே மிதக்கும் தெப்பத்திலிருந்து நீளக் குழாய் வழியாகக் காற்றை இழுத்துக்கொண்டு ஆறு மீட்டர் வரை போகும் ‘ஸ்னூபா’ ஒன்று. கனத்த கண்ணாடித் தொப்பியை மாட்டிக்கொண்டு கடலடி மணலில் நடந்து வருவது இன்னொன்று. பின்னதில் தலைமுடிகூட நனையாது, மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வேண்டியதும் இல்லை. உடம்பு நன்றாக இருக்கும் அப்பா அம்மாவுக்கு அதையே சொல்வேன்.

ஊரிலேயே முடிக்க வேண்டிய முதல் வேலை மருத்துவப் படிவம். முக்குளிக்கும் முன் எல்லோரும் ஒரு கேள்வித்தாளை நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆஸ்துமா, இதய நோய், ரத்த அழுத்தம், நீரிழிவு, வலிப்பு, காது அறுவை சிகிச்சை, கர்ப்பம் என்று கேட்டுக்கொண்டே போகும். 45 வயதைக் கடந்தவர்களுக்குக் கூடுதல் கேள்விகள் உண்டு. அதில் சிலவற்றுக்கு ‘ஆம்’ என்று போட்டால் மருத்துவர் ஒப்புதல் இல்லாமல் தண்ணீரில் இறக்க மாட்டார்கள். கப்பல் மருத்துவர் அந்தக் கையெழுத்தைப் போடுவார் என்று நம்பிப் போகாதீர்கள். துறைமுகத்தில் வந்து நின்றுகொண்டு, பணமும் கட்டிவிட்டு, பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவரின் பேனா ‘இல்லை’ என்ற கட்டத்தை நோக்கித் தானாகவே போகும். அந்த நிலைமைக்கு நம்மை நாமே தள்ளக் கூடாது. படிவம் இணையத்தில் கிடைக்கிறது. உங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் காட்டி, அவர் சம்மதித்தால் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோங்கள். அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

பயணக் காப்பீட்டையும் அதே மேசையில் வைத்துப் படித்துவிடலாம். பல காப்பீடுகளில் ஸ்கூபா விலக்குப் பட்டியலில் இருக்கும். முக்குளிப்பாளர்களுக்கென்றே 1980இல் தொடங்கப்பட்ட டேன் என்ற அமைப்பின் வழியாகவும் காப்பீடு கிடைக்கிறது. கோசுமெல்லில் அழுத்தச் சிகிச்சை அறைகள் இருக்கின்றன என்பது ஆறுதலான விஷயம், அவற்றின் கட்டணம் ஆறுதலானது இல்லை.

சரி, தண்ணீருக்குள் என்ன நடக்கிறது? முதுகில் மாட்டுகிற சிலிண்டரை நாம் ஆக்ஸிஜன் சிலிண்டர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உள்ளே இருப்பது இதோ இப்போது நாம் சுவாசித்துக்கொண்டிருக்கும் அதே காற்று, வடிகட்டி அழுத்தி நிரப்பியது. ஐந்தில் ஒரு பங்குதான் ஆக்ஸிஜன், மீதி பெரும்பாலும் நைட்ரஜன். சுத்த ஆக்ஸிஜனைச் சுவாசித்துக்கொண்டு ஆறு மீட்டருக்குக் கீழே போனால் அதுவே நஞ்சாகி வலிப்பை வரவழைக்கும். அழுத்தப்பட்ட அந்தக் காற்றை, நாம் இழுக்கும்போது மட்டும், சுற்றியுள்ள தண்ணீரின் அழுத்தத்துக்குச் சரியாக வாயில் கொண்டுவந்து தருவது ரெகுலேட்டர். 1943இல் பிரான்சில் ழாக் கூஸ்தோவும் பொறியாளர் எமில் காஞ்ஞானும் சேர்ந்து உருவாக்கிய கருவியின் வழிவந்தது இது. அதற்கு முன்பெல்லாம் சாதாரண ஆள் கடலடியில் அரைமணி நேரம் உலாவுவது கனவில்தான்.

கடல் மட்டத்தில் நம் மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. தண்ணீரில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொரு வளிமண்டலம் கூடும். பத்து மீட்டரில் அழுத்தம் இரண்டு மடங்கு. அதற்கடுத்த இரட்டிப்புக்கு 30 மீட்டர் வரை போக வேண்டும். ஆக, மாற்றம் மிக வேகமாக நடப்பது மேல்பரப்பை ஒட்டிய சில மீட்டர்களில்தான். ‘ஆழம் குறைவுதானே’ என்று நாம் அசட்டையாக இருக்கும் அதே இடத்தில்தான் காதும் நுரையீரலும் அதிகம் சிரமப்படுகின்றன.

காதை எடுத்துக்கொள்வோம். செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சின்ன அறை, அதிலிருந்து தொண்டைக்கு ஒரு மெல்லிய குழாய். கீழே இறங்கும்போது தண்ணீர் செவிப்பறையை உள்நோக்கித் தள்ளும். மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை மூடி, மெதுவாக மூக்கு வழியாக ஊதுவதுபோல் செய்தால் அந்தக் குழாய் திறந்து காது ‘பட்’டென்று சரியாகும். வலித்த பிறகு ஊதுவது தவறு. வலி வரும் முன்பே, அரை மீட்டருக்கு ஒருமுறை, சும்மாவாவது செய்துகொண்டே இறங்க வேண்டும். திறக்காவிட்டால் முக்கி ஊதக் கூடாது. ஒரு மீட்டர் மேலே ஏறி, மறுபடி முயன்று, பிறகு இறங்குங்கள். சிலருக்கு இதற்கே பத்து நிமிடம் ஆகும், ஆகட்டும். ஜலதோஷம் பிடித்திருந்தால் அந்தக் குழாய் வீங்கி அடைத்திருக்கும். அன்றைக்கு முக்குளிப்பு கிடையாது. மாத்திரை போட்டு மூக்கைத் திறந்துகொண்டு போனால், கடலுக்கடியில் மருந்தின் வேகம் குறைந்து, ஏறும்போது காற்று வெளியேற வழியில்லாமல் சிக்கிக்கொள்ளும்.

நுரையீரலுக்கு ஒரே ஒரு விதி: மூச்சை அடக்காதே. பத்து மீட்டர் ஆழத்தில் ஊதிக் கட்டிய பலூனை மேலே கொண்டுவந்தால் அது இரு மடங்காகும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுகிறவரின் நுரையீரலுக்கும் அதுதான் கதி. கிழிந்துவிடும் அபாயம் இருக்கிறது, அதுவும் வெறும் ஒன்றிரண்டு மீட்டர் ஏற்றத்திலேயே. நீச்சல் குளத்தில் மூழ்கும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துத்தானே பழகியிருக்கிறோம்? அந்தப் பழக்கத்தை இங்கே மறக்க வேண்டும். இழு, விடு, இழு, விடு. விடுவது இழுப்பதைவிட நீளமாக இருக்கட்டும். மனம் அமைதியடைவதும் அந்த நீண்ட வெளிமூச்சில்தான்.

காற்று எவ்வளவு நேரம் வரும் என்ற கணக்கும் இதிலிருந்தே வருகிறது. வழக்கமான சிலிண்டரில் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று அடைத்திருப்பார்கள். நிலத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுப்பவர், பத்து மீட்டர் ஆழத்தில் அதே மூச்சுக்கு 40 லிட்டரைச் செலவழிப்பார். கால் பங்கை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டால் 40 நிமிடம் கிடைக்கும். பதறுகிறவருக்குப் பாதிதான்.

கருவிகளை மாட்டும்போதே புதியவர் தளர்ந்துவிடுவார். சிலிண்டர் மட்டும் 15 கிலோவுக்கு மேல், அதோடு ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட், காற்றூதும் ஜாக்கெட், காலில் ஃபின். தண்ணீரில் இறங்கியதும் அந்தப் பாரம் மாயமாகிவிடும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மாஸ்க்கை நீங்களே ஒருமுறை சரிபார்க்க வேண்டும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுத்தால் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தடித்த மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். முதல் நாளே மீசையின் மேல்விளிம்பை மெல்லிய கோடளவு மழித்துவிட்டால் போதும். பார்வைக் குறைபாடு இருந்தால் பவர் வைத்த மாஸ்க் இருக்கிறதா என்று முன்பதிவின்போதே கேளுங்கள்.

பிறகு கழுத்தளவுத் தண்ணீரில் ஒத்திகை. வாயிலிருந்து ரெகுலேட்டரை எடுத்து, திரும்ப வைத்து, உள்ளே புகுந்த தண்ணீரை ஊதி வெளியேற்றச் சொல்வார்கள். மாஸ்க்குக்குள் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் விட்டு, மேல்விளிம்பை அழுத்தி, மூக்கால் ஊதி அதை வெளியே தள்ளச் சொல்வார்கள். இந்த இரண்டையும் உங்களுக்குத் தைரியம் வரும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் செய்யுங்கள். கூட வந்தவர்கள் காத்திருக்கிறார்களே என்று சங்கடப்படாதீர்கள். இந்த ஒத்திகையை ஐந்தே நிமிடத்தில் முடித்துக் கடலுக்கு இழுத்துக்கொண்டு போகும் பயிற்சியாளர் நல்ல பயிற்சியாளர் அல்ல.

கீழே பேச முடியாது, கைதான் பேச்சு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்த வட்டம் என்றால் ‘நன்றாக இருக்கிறேன்’. உள்ளங்கையை விரித்து இப்படியும் அப்படியும் ஆட்டினால் ‘ஏதோ சரியில்லை’, அடுத்து காதைத் தொட்டால் காதில் என்று பொருள். இதில் நம்மவர்கள் கவனிக்க வேண்டியது கட்டைவிரலை உயர்த்துவதை. நமக்கு அது ‘சூப்பர்’. கடலில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று பொருள். ஆமையைப் பார்த்த குஷியில் கட்டைவிரலைக் காட்டினால் பயிற்சியாளர் உங்களை அப்படியே மேலே கூட்டிவந்துவிடுவார். ஆனால் உண்மையிலேயே மேலே போக வேண்டும் என்று தோன்றினால் அந்த விரலைக் காட்டத் தயங்காதீர்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது.

அப்படி ஐந்தாறு மீட்டரில் மூச்சு ஒரு தாளத்துக்கு வந்த பிறகு கண் திறக்கிறது. தண்ணீருக்குள் மாஸ்க் வழியாகப் பார்ப்பதெல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும், கை நீட்டித் தொடப் போனால் எட்டாது. ஊதா நிறக் கடல் விசிறிகள் ஓட்டத்துக்கு ஏற்ப அசைகின்றன. கிளிமீன் பாறையைக் கடித்து அரைக்கும் ‘கறுக் கறுக்’ ஓசை தெளிவாகக் காதில் விழும். அது பவளத்தை அரைத்துப் பின்னால் வெளியேற்றும் துகள்தான் அந்தக் கடற்கரைகளின் வெண்மணலில் ஒரு பகுதி. அதிர்ஷ்டம் இருந்தால் அழுங்காமை ஒன்று நம்மைச் சட்டை செய்யாமல் கடற்பஞ்சைப் பிய்த்துத் தின்றுகொண்டிருக்கும். பாறைப் பொந்துகளில் வெள்ளைக் கோடுகளும் மஞ்சள் விளிம்புத் துடுப்பும் கொண்ட ஒரு தேரைமீனுக்கு இந்தத் தீவு பேர்பெற்றது. பகலில் அது ஒளிந்துகொண்டிருக்கும். பயிற்சியாளர் காட்டினால்தான் தெரியும்.

எதையும் தொடாதீர்கள். இங்கே கையுறை அணியக்கூட அனுமதி இல்லை, கையுறை இருந்தால் தொடத் தோன்றும் என்பதால். நிற்பதற்காக ஃபினை ஊன்றினால் பல ஆண்டு வளர்ச்சி ஓர் உதையில் உடையும். சன்ஸ்கிரீனுக்குப் பதிலாக நீளக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். 2014இல் புளோரிடாவில் முதலில் தென்பட்ட ஒரு பவளத் திசு நோய் 2018இல் கோசுமெல்லுக்கு வந்து சேர்ந்து, மூளைப் பவளங்களையும் தூண் பவளங்களையும் வரிசையாகக் கொன்றது. மறு ஆண்டு பலங்கார் உள்ளிட்ட தெற்குத் திட்டுகளைச் சுற்றுலாவுக்குச் சிறிது காலம் மூடவே வேண்டியிருந்தது. உயிரோடு மிஞ்சியிருப்பதைப் பார்க்கத்தான் நாம் போகிறோம். நம் கால் பட்டு அதில் ஒன்றும் குறையக் கூடாது.

முன்பதிவைக் கப்பல் வழியாகச் செய்வதா, நேரடியாகத் தீவின் டைவ் கடையிலா? கப்பல் வழியாகப் போனால் விலை கூடுதல், கூட்டமும் கூடுதல். ஆனால் அந்தக் குழு தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனால் காத்திருக்காது. தனிக் கடையில் ஒரு பயிற்சியாளருக்கு இரண்டே பேர் என்று அமைவது எளிது, என் ஓட்டு அதற்குத்தான். எங்கே பதிவு செய்தாலும் ஒரு பயிற்சியாளருக்கு எத்தனை பேர் என்று கேளுங்கள், நான்கைத் தாண்டினால் வேறு இடம் பாருங்கள். கரையிலிருந்து இறங்குகிறோமா, படகிலிருந்தா, எவ்வளவு ஆழம் என்றும் கேட்டுவிடுங்கள்.

தனியாகப் போகிறவர்கள் கடிகாரத்தில் ஏமாந்துவிடக் கூடாது. கோசுமெல் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் ஆண்டு முழுவதும் ஒரே நேரத்தைப் பின்பற்றுகிறது, கோடைக்காக மாற்றுவதில்லை. மயாமியிலிருந்து வரும் கப்பல் கோடையில் மயாமி நேரத்திலேயே ஓடினால், தீவின் நேரம் ஒரு மணி பின்னால் இருக்கும். கைபேசி தானாகத் தீவின் நேரத்துக்கு மாறி ‘மூன்றரை’ என்று காட்டும்போது கப்பலில் நாலரை. துறையில் நின்று கப்பல் போவதைப் பார்ப்பவர்களில் சிலர் இப்படி ஏமாந்தவர்கள்தான். கப்பலை விட்டு இறங்கும்போதே கப்பல் நேரம் வைத்த கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொள்ளுங்கள். கிராண்ட் கேமன் போன்ற இடங்களில் பெரிய கப்பல் கரையில் கட்டுவதே இல்லை, சின்னப் படகில் ஏற்றி இறக்குவார்கள். அங்கே போக வர இன்னும் ஒரு மணி நேரத்தைத் தள்ளி வைக்க வேண்டும்.

முதல் நாள் இரவு கப்பலில் மது வேண்டாம், காலையில் வயிறுமுட்டச் சாப்பிடவும் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள். முக்குளித்து முடிந்ததும் விமானம் ஏறக் கூடாது. அழுத்தத்தில் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் மெதுவாகத்தான் வெளியேறும். அதற்குள் உயரே போய் அழுத்தம் குறைந்தால் அது குமிழியாகும். ஒரே ஒரு முக்குளிப்புக்குப் பிறகு குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் போனால் 18 மணி நேரம் என்பது டேன் அமைப்பின் வழிகாட்டுதல். கோசுமெல்லுக்கும் கப்பல் திரும்பும் துறைமுகத்துக்கும் நடுவில் பெரும்பாலும் ஒரு கடல் நாள் இருப்பதால் பிரச்சினை வராது. கடைசி நிறுத்தத்தில் முக்குளித்துவிட்டு மறுநாள் விடியற்காலை விமானம் பிடிப்பவர்கள்தான் மணியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பிடித்துப்போய்த் தொடர விரும்பினால், ‘ஓப்பன் வாட்டர்’ சான்றிதழுக்குக் கடலில் நான்கு முக்குளிப்புகள் தேவை, ஒரு துறைமுக நாளில் அவை முடியாது. பாடத்தையும் குளப் பயிற்சியையும் ஊரில் முடித்துவிட்டுக் கடல் பகுதியை மட்டும் இன்னொரு பயணத்தில் வைத்துக்கொள்ளலாம். அன்றைய முக்குளிப்பையே அந்த நான்கில் முதலாவதாகச் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். முடியும் என்றால், கடையை விட்டுக் கிளம்பும் முன் தேதி, ஆழம், நேரத்தோடு அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.